இறுக்க இறுக்கக் கழன்ற குழாய்: 1955 பி.எஸ்.ஏ. பி 31 பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் முறைப்பாடும்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் தகப்பனார் புதிதாக வாங்கிய 1955 ஆம் ஆண்டு பி.எஸ்.ஏ. பி 31 மோட்டார் சைக்கிளைச் சென்ற ஆவணி மாதத்தில் கொட்டாஞ்சேனையிலுள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கத் தகட்டை இன்னும் சுமந்து நிற்கும் வண்டி அது. கடற்காற்றுக்கு அஞ்சி ஞாயிறுதோறும் எண்ணெய்த் துணியால் துடைக்கப்படுவதால் அதன் வயதுக்கு மிக நல்ல நிலையில் இருந்தது. முறைப்பாடு ஒன்றுதான். எஞ்சின் சிலின்டரின் மேல்மூடியான ஹெட்டிலிருந்து வெளிவரும் புகைக்குழாய், அதாவது கராஜ் வழக்கில் சைலன்சர் பைப், ஹெட்டின் வாயில் தளர்ந்து ஆடியது. இரண்டு ஆண்டுகளில் வெவ்வேறு இடங்களில் நான்கு முறை சரிசெய்யப்பட்டும், ஒவ்வொரு முறையும் ஐந்தாறு வாரங்களுக்குள் மீண்டும் தளர்ந்துவிட்டது. வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரத்துக்குரிய புகைப் பரிசோதனையும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, இறுக்க இறுக்கக் கழருது" என்றார். அவர் அதை அலுப்பில்தான் சொன்னார். ஆனால் நோயின் காரணம் முழுவதும் அந்த மூன்று சொற்களுக்குள் இருந்ததை நான் இரண்டு நாள் கழித்தே உணர்ந்தேன்.

இந்த வண்டியில் குழாய் எவ்வாறு நிற்கிறது

பேர்மிங்ஹாமின் ஸ்மோல் ஹீத்தில் 1945 முதல் 1959 வரை தயாரிக்கப்பட்ட பி 31, 71 மில்லிமீற்றர் விட்டமும் 88 மில்லிமீற்றர் வீச்சும் கொண்ட 348 சி.சி. ஒற்றைச் சிலின்டர் வண்டி. அதன் ஹெட் வார்ப்பிரும்பு. புகைக்குழாய் அந்த ஹெட்டின் வாய்க்குள் வெறுமனே செருகப்படுகிறது. அங்கே திருகும் இல்லை, கிளாம்பும் இல்லை, கஸ்கெட்டும் இல்லை. அதே காலத்து நோர்ட்டன்களில் ஹெட்டின் மரைக்குள் ஏறும் பெரிய வளைய நட் ஒன்று குழாயைப் பிடிக்கும். ட்ரையம்ப் இரட்டைச் சிலின்டர் வண்டிகள் பலவற்றில் ஹெட்டிலிருந்து நீளும் குட்டையான உருக்குக் குழலின் மேல் குழாயைப் போர்த்திச் செதில் வைத்த கிளாம்பால் இறுக்குவார்கள். யப்பானிய வண்டிகளிலோ இரண்டு ஸ்டட், இரண்டு நட், ஒரு செம்பு வளையம் என்று காரியம் முடிந்துவிடும். கொழும்பில் இன்று வேலை செய்கின்ற பாஸ்மார், அதாவது கராஜ் மெக்கானிக்குகள், பெரும்பாலும் ஹொண்டா சி.டி. வண்டிகளில் கை பழகியவர்கள். அவர்கள் பி 31 ஹெட்டின் முன்னால் குந்தியிருந்து அந்த இரண்டு நட்டுகளைத் தேடிக் காணாதபோது, ஏதோ காணாமற்போய்விட்டது என்று முடிவு செய்வதை நான் கண்டிருக்கிறேன். காணாமற்போனது ஒன்றுமில்லை. செருகிய குழாய் வாயில் நிற்பது, அதன் பிற்பகுதி சரியாகத் தாங்கப்படுவதால்தான்.

அவிழ்ப்பதற்கு முன் கண்டவை

இத்தகைய வேலைகளில் முதல் அரைமணி நேரம் ஸ்பனரைத் தொடாமலிருப்பது என் வழக்கம். வாயைச் சுற்றி, ஹெட்டின் செதில்களின் கீழ்ப்புறத்தில், கரி விசிறிபோல் விரிந்திருந்தது. மேற்புறம் சுத்தமாக இருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே அளவாகக் கசியும் வாய் சுற்றிலும் கறுக்கும். இது ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்ததால் குழாய் ஒரு பக்கமாகச் சாய்க்கப்படுகிறது என்று குறித்துக்கொண்டேன். எஞ்சினை இயக்கி, எரியும் ஊதுபத்தி ஒன்றை வாயருகே பிடித்தபோது, புகை ஒரு கணம் உள்ளே இழுக்கப்பட்டு மறுகணம் வெளியே தள்ளப்பட்டது. பெற்றோல் தாங்கிக்கு அருகில் நெருப்பா என்று கேட்பவர்களுக்கு: பெற்றோல் குழாயிலும் காபரேற்றரிலும் கசிவு இல்லையென்று உறுதிசெய்து, வாசலைத் திறந்துவைத்த பின்னரே அதைச் செய்தேன். அந்த உறுதி இல்லாதவர்கள் சவர்க்காரத் தண்ணீரைப் பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெளிக்காற்று இவ்வாறு உள்ளே இழுக்கப்படுவதுதான் திறொட்டிலை மூடியதும் கேட்கும் 'டப் டப்' வெடிப்புக்குக் காரணம். எரியாமல் எஞ்சிய கலவை சூடான குழாய்க்குள் அந்தக் காற்றைச் சந்தித்து அங்கேயே பற்றிக்கொள்கிறது. இதைக் கலவையில் பெற்றோல் குறைந்ததன் அடையாளம் என்று முன்னர் பார்த்த யாரோ எடுத்துக்கொண்டு, அமால் காபரேற்றரில் மெதுவான ஓட்டத்துக்குரிய காற்றைக் கட்டுப்படுத்தும் பைலட் காற்றுத் திருகை ஏறத்தாழ முழுவதும் உள்ளே திருகியிருந்தார். அந்தத் திருகை உள்ளே திருகினால் கலவை தடிக்கும். விளைவாக ஸ்பார்க் பிளக் அடுப்புக்கரிபோல் கறுத்துக் கிடந்தது, வெடிப்போ நிற்கவில்லை. புகைப் பரிசோதனையில் அளவி உறிஞ்சும் வாயுவிலும் இதே வெளிக்காற்றுக் கலந்துவிடும் என்பதால் அங்கே கிடைக்கும் இலக்கங்களும் எஞ்சினின் உண்மை நிலையைக் காட்டா.

கடைசியாகச் சைலன்சரின் நுனியைப் பிடித்து மெதுவாக ஆட்டினேன். அது ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் அசைந்தது. ஆனால் ஒரு திசையில் தளர்வாகவும் மறுதிசையில் வில்லைத் தள்ளுவதுபோல் எதிர்ப்போடும் அசைந்தது. தளர்ந்த பொருள் இரு பக்கமும் ஒரே மாதிரி ஆட வேண்டும்.

பின்போல்ட்டை அவிழ்த்தபோது

சைலன்சரைப் பின்னிருக்கைக் கால்மிதியருகே பிரேமில் பிடித்திருந்த போல்ட் கடைசி மரையை விட்டு வெளிவந்த கணத்தில், சைலன்சர் 'டங்' என்ற ஓசையோடு வெளிப்பக்கமாகத் துள்ளியது. சைலன்சரில் போல்ட் செல்லும் துவாரமும் பிரேமிலிருந்த பிராக்கெட்டின் துவாரமும் இப்போது ஒன்றுக்கொன்று 9 மில்லிமீற்றர் விலகி நின்றன. பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். இரண்டையும் ஒன்றாக்க உள்ளங்கையால் நன்கு தள்ள வேண்டியிருந்தது.

அந்தத் தள்ளல் எங்கே போய்ச் சேர்கிறது என்று கணக்கிட்டால் முறைப்பாடு விளங்கிவிடும். குழாய் ஹெட்டின் வாய்க்குள் செருகியிருந்த ஆழம் 25 மில்லிமீற்றர். வாயிலிருந்து பின்போல்ட் வரை நேர்தூரம் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர். நெம்புகோல் கணக்கில் இது 32 மடங்கு: பின்னால் ஒரு கிலோ அளவுக்கு இழுத்தால், வாயின் இரு விளிம்புகளிலும் குழாய் முப்பத்திரண்டு கிலோ அளவுக்கு நெம்பப்படும். அதன்மேல் ஒற்றைச் சிலின்டரின் அதிர்வு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அரம்போல் தேய்க்கிறது. நான்கு கராஜ்களிலும் வாயில் ஏதோ ஒன்றைத் திணித்துவிட்டு, அது விழாமலிருக்கப் பின்போல்ட்டை இன்னும் பலமாக இறுக்கியிருக்கிறார்கள். பலமாக இறுக்கும்தோறும் நெம்பல் கூடியது. தளர்வை உண்டாக்கியதே அந்த இறுக்கம்தான். நான்கு இடங்களிலும் திறமையற்றவர்கள் இருந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன்; கசிவு தெரியும் இடத்தையே எல்லோரும் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பிராக்கெட் ஏன் விலகியது என்பதற்கும் விடை அங்கேயே கிடந்தது. அது வேறொரு வண்டிக்குரியது; முதுகில் பழைய பச்சைப் பெயின்ட் தெரிந்தது. அதைப் பொருத்த 8 மில்லிமீற்றர் மெட்ரிக் போல்ட் ஒன்றைப் பிரேமின் மரைக்குள் பலாத்காரமாக ஏற்றியிருந்தார்கள். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீற்றர் ஆகையால் இரண்டும் ஒன்றே என்று கண்ணுக்குத் தோன்றும். ஆனால் பிரித்தானிய சைக்கிள் மரையில் 5/16 போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 26 மரை, பி.எஸ்.எஃப். எனும் பிரித்தானிய நுண்மரையென்றால் 22, விற்வேர்த் எனும் பருமரையென்றால் 18. எம் 8 எனப்படும் அந்த மெட்ரிக் போல்ட்டின் 1.25 மில்லிமீற்றர் மரை இடைவெளி அங்குலத்துக்கு இருபதுக்குச் சற்று மேல் வரும், இவற்றில் எதனோடும் சேராது. முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு ஏறி, பின்னர் மரையைக் கடித்துக்கொண்டு 'இறுகிவிட்டது' என்ற பொய்யுணர்வைத் தரும். பழைய ஆங்கிலேய வண்டி வைத்திருப்போர் பஞ்சிகாவத்தையில் போல்ட் வாங்கும்போது நீளத்தையும் தடிப்பையும் மட்டும் காட்டாமல், மரை அளவியையும் சட்டைப்பையில் கொண்டுபோவது நல்லது.

வாய்க்குள் கிடந்தவை

குழாயை வெளியே இழுத்தபோது பழைய வைத்தியங்கள் அடுக்கடுக்காக வெளிவந்தன. மேலே சாம்பல் நிறப் பேஸ்டின் உடைந்த தோடு. அதன் கீழே நூல்நூலாகப் பிரிந்த வெண்கயிறு. அது அஸ்பெஸ்டோஸாக இருக்கலாம் என்பதால் உடனே தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்தோடேயே பொறுக்கிப் பையிலிட்டுக் கட்டினேன், ஊதவோ தட்டவோ இல்லை. அதற்கும் கீழே பானக் குவளையிலிருந்து வெட்டிய அலுமினியத் தகட்டின் எச்சம், வெற்றிலை நரம்புபோல் அரிக்கப்பட்டிருந்தது. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும்; புகைவாயில் வாயுவின் சூடு அந்த அளவை எளிதில் எட்டும். அவசரத்துக்கு வீடு போய்ச் சேர ரின்பால் பேணித் தகடு இதைவிட மேலானது, ஏனெனில் மேலிருக்கும் வெள்ளீயம் உருகிப்போனாலும் உள்ளிருக்கும் இரும்பு நிற்கும். பேஸ்டைப் பொறுத்தவரை என் கருத்து இது: அசையாத இணைப்பின் மயிரிழை இடைவெளியை அடைக்க அது உதவும், அசையும் இணைப்பை நிறுத்த ஒருபோதும் உதவாது. காய்ந்த பேஸ்ட் மட்பாண்டத்தின் தன்மையுடையது, வளையாமல் உடையும்.

துப்புரவு செய்த பின் அளந்தபோது, ஹெட்டின் வாய் ஒரு திசையில் 0.3 மில்லிமீற்றர் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. வார்ப்பிரும்பு என்பதால் தேய்வு அவ்வளவோடு நின்றது. குழாயின் நுனிதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. 1.6 மில்லிமீற்றர் தடிப்பு, மோசமான பக்கத்தில் 0.9 ஆகக் குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையே விட்டத்தில் 0.8 மில்லிமீற்றர் இடைவெளி. குழாயின் நடுப்பகுதியில், கீழ்ப்புறத்தில், அராவி மூடப்பட்ட பழைய வெல்டிங் தழும்பு ஒன்றும் தெரிந்தது. அங்கே முன்பு ஒரு காது இருந்து, உடைந்து, பின்னர் அழகுக்காக முற்றாக நீக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே குழாய்க்கு நடுத்தாங்கலும் இல்லை.

என்ன செய்வது என்ற ஆலோசனை

குழாய் நுனியை விரிப்பதே மலிவான வழி. சைலன்சர் கடைகளில் அதற்கான விரிப்புக் கருவி உண்டு. ஆனால் 0.9 மில்லிமீற்றருக்கு மெலிந்த தகட்டை விரித்தால் அது பிளக்கும். ஹெட்டின் வாயைப் பெருப்பித்துக் கடைந்து வளையம் இறக்குவது இன்னொரு வழி. பழைய சோனகத் தெருவுக்கு அண்மையில் லேத் வைத்திருக்கும் நானாவிடம் அதைச் சொன்னபோது, அவர் ஹெட்டை ஒரு முறை கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பைப்ப நாளைக்கும் செய்யலாம் தம்பி, ஹெட்ட செய்ய ஏலாது" என்றார். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை. புதிய குழாய் வரவழைக்கலாம் என்பதை வண்டிக்காரர் ஏற்கவில்லை. தகப்பனார் காலத்துக் குழாய் நிற்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

எனவே தேய்ந்த நுனியை வெட்டிவிட்டு, கடைந்த புதிய நுனியொன்றை ஒட்டுவது என்று முடிவாயிற்று. எங்கே வெட்டுவது என்பதில் நாங்கள் கொஞ்ச நேரம் செலவிட்டோம். வாயின் விளிம்பிலேயே வெல்டிங் வந்தால், வளைவு விசை அதிகமாக இருக்கும் இடத்தில் பலவீனத்தை நாமே வைத்ததாகிவிடும். ஆகவே விளிம்பிலிருந்து 20 மில்லிமீற்றர் வெளியே, குழாய் இன்னும் முழுத் தடிப்போடு இருந்த நேர்பகுதியில் வெட்டினோம். அங்கே குரோம் பூச்சுக் கெடும் என்று வண்டிக்காரர் வருந்தினார். ஒற்றைச் சிலின்டர் வண்டியில் அந்த நான்கு விரல் அகலம் எப்படியும் நீலமும் பொன்னுமாக நிறம் மாறத்தான் செய்யும் என்று நான் சமாதானம் சொன்னேன், அதில் பொய் இல்லை. வெல்டிங்குக்கு முன்னர் குரோமையும் அதன் கீழிருக்கும் நிக்கலையும் அரைத்து நீக்கிவிட வேண்டும். பூச்சின் மேலேயே சுட்டால் எழும் புகை நஞ்சு.

செய்த வேலை

நானா 2 மில்லிமீற்றர் சுவரும் 45 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட உருக்கு நுனியைக் கடைந்தார். வாய் நீள்வட்டமாதலால், அதன் பெரிய விட்டத்துக்கு ஏற்பக் கடைந்து, குறுகிய திசையில் கையால் அராவிப் பொருத்தினேன். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து வாயின் உட்புறத்தில் மெல்லப் பூசி, நுனியைச் செருகி எடுத்தால், முட்டும் இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டும். அந்த இடத்தில் இரண்டு இழுப்பு அராவி, மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். பதினேழு முறை செருகி எடுத்த பின், சுற்றிலும் சீராகக் கறுப்பு ஒட்டியது. எந்தப் பக்கம் மேல் என்பதற்கு நுனியிலும் ஹெட்டிலும் பொட்டுக் குத்திக்கொண்டேன். மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் இறங்கும் அளவே போதுமானது. ஓடும்போது குழாய் ஹெட்டைவிடக் கூடுதலாகச் சூடேறுவதால், இருக்கும் சிறு இடைவெளியையும் அதன் விரிவே அடைத்துவிடும்.

வெல்டிங்கைப் பட்டறை மேசையில் செய்யாமல் வண்டியிலேயே செய்தது இந்த வேலையின் முக்கிய படி. பெற்றோல் தாங்கியையும் காபரேற்றரையும் கழற்றித் தூர வைத்து, பற்றரியையும் டைனமோ வயர்களையும் பிரித்து, வண்டியை ஆர்கன் வெல்டிங் செய்யும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். நுனி வாயில் இருக்க, குழாயும் சைலன்சரும் தமக்கு இயல்பான நிலையில் தொங்க, எங்கும் இழுப்பில்லை என்று கண்ட பின்னரே மூன்று பொட்டு வைத்தோம். பிறகு கழற்றி முழுச் சுற்றும் சுட்டு, உட்புறத்தை அரைத்துச் சமப்படுத்தினோம்.

நடுத்தாங்கலுக்குக் குழாயில் மறுபடி காது ஒட்ட நான் விரும்பவில்லை. முன்னைய காது உடைந்த இடத்தைச் சுற்றியிருந்த வெடிப்பே போதிய எச்சரிக்கை. பதிலாக இரண்டு பாதியாகப் பிரியும் பட்டைக் கிளாம்பும், 25 மில்லிமீற்றர் அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட இரும்புப் பட்டையில் ஒரு பிராக்கெட்டும் செய்து, எஞ்சின் பிளேட்டின் கீழ்ப் போல்ட்டில் பிடித்தேன். இது பிரேமில் அல்லாமல் எஞ்சினோடு சேர்ந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. குழாயின் முன்பாதி எஞ்சினோடு சேர்ந்துதான் அதிர வேண்டும். முன்பாதியை ஹெட்டும் பிரேமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால், எஞ்சின் போல்ட் சற்றுத் தளர்ந்தாலும் குழாயே எஞ்சினைத் தாங்க வேண்டிவரும். (இந்த வண்டியில் எஞ்சின் பிளேட் நட்டுகளில் ஒன்று கால் சுற்றுத் தளர்ந்திருந்தது, அதையும் இறுக்கினேன்.)

பின்பிராக்கெட்டைப் புதிதாக வெட்டி, துவாரத்தை வண்டியின் நீளவாக்கில் 5 மில்லிமீற்றர் நீளமான பிளவாகச் செய்தேன். 70 சென்ரிமீற்றர் இரும்புக் குழாய் சராசரியாக 300 பாகை செல்சியசு சூடேறினால் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் வேண்டும். நடுக் கிளாம்பின் உட்புறத்தையும் அதே காரணத்துக்காகக் குழாய் வழுக்கிச் செல்லும் அளவுக்கே இறுக்கினேன். பிரேமின் கெட்ட மரையை 26 மரை டப்பால், அதாவது மரை வெட்டும் கருவியால், மெதுவாகத் திருத்தியபோது, ஆழத்திலிருந்த நல்ல மரைகள் அதிர்ஷ்டவசமாகப் பிடித்தன.

பூட்டிய ஒழுங்கு இது: எல்லாவற்றையும் விரலால் மட்டும் பிடித்து, குழாயை வாயில் தட்டி இறக்கி, துவாரங்கள் தாமாகவே நேர்படுகின்றனவா என்று போல்ட்டைக் கையால் செருகிப் பார்த்தேன். பின்போல்ட் ஒன்றரை மில்லிமீற்றர் பக்கவாட்டில் இன்னும் விலகி நின்றது. அந்த இடைவெளிக்கு ஒரு வாஷரைக் கடைந்து போட்டேன். போல்ட்டால் இழுத்து மூடவில்லை. பிறகு முன்னிருந்து பின்னாக, நடுக் கிளாம்ப், சைலன்சர் இணைப்பு, கடைசியாகப் பின்போல்ட் என்று இறுக்கினேன். எஞ்சினைச் சூடாக்கி, முற்றாக ஆறவிட்டு, மீண்டும் ஒரு முறை அதே ஒழுங்கில் பார்த்தேன். காற்றுத் திருகை ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துச் செவியால் சரிசெய்தேன்.

பின்தொடர்ந்து பார்த்தது

குழாயும் ஹெட்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைப் பெயின்டால் குறுக்காக ஒரு மெல்லிய கோடு வரைந்துவிட்டேன். குழாய் சுழன்றாலோ வெளியே நகர்ந்தாலோ கோடு முறியும். 30 கிலோமீற்றரில், 200 கிலோமீற்றரில், பின்னர் மாதமொரு முறை என்று வண்டி வந்து போயிற்று. சூட்டில் கோடு மஞ்சளித்தது, முறியவில்லை. 200 கிலோமீற்றரில் பின்போல்ட்டின் நட் அரைக்கால் சுற்று ஏற்றது, அதன் பின் ஏற்கவில்லை. திறொட்டிலை மூடும்போது வெடிப்பு இல்லை. பிளக் இளங்கபில நிறத்துக்குத் திரும்பியது. புகைப் பரிசோதனையும் கடந்தது.

ஏழு மாதமும் ஏறத்தாழ 900 கிலோமீற்றரும் கடந்த நிலையில், குழாயும் சைலன்சரும் சேரும் இணைப்பில் மட்டும் மெல்லிய கரி தெரிகிறது. சைலன்சரின் உள்ளே தடுப்புத் தகடு ஒன்று மெதுவான ஓட்டத்தில் கிலுகிலுக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்பும் குறுகிய ஓட்டங்களில் சைலன்சர் முழுதாகச் சூடேறாமல், உள்ளே நீர் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிப்பதன் விளைவு அது. அடிப்பகுதியில் விரலால் தட்டினால் இரண்டு இடங்களில் ஓசை மெலிகிறது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதைத் திறந்து பார்ப்பது என்று வண்டிக்காரரோடு பேசி வைத்திருக்கிறேன். அதுவரை வாரத்தில் ஒரு நாளாவது அவிசாவளைப் பக்கமாக ஒரு மணிநேரம் ஓட்டும்படி கேட்டிருக்கிறேன்.